நேராகிப் போன நாடி

பொன்னுரங்கத்தின் நாடி ஒழுங்காக அடிக்கத் தொடங்கியதுதான் வினையாய்ப் போயிற்று.

“பேஷ்! நேத்து தவளை மாதிரி தத்திண்டிருந்தது. ஒரே வேளை மருந்துல நேராயிடுத்து, பாத்தியா?” டாக்டர் ராமானுஜம் அவன் மணிக்கட்டை விட்டார். “இப்படியே இருந்தா வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போயிடலாம்.”

வீடு என்று அவர் சொன்னது அடையாற்றங்கரைக் குடிசையை. மழையில் ஆறு உள்ளே வந்து அடுப்பைக் கரைத்துவிட்டுப் போயிருந்தது. மாம்பலத்தில் ஏரியைத் தூர்த்து மனை போடும் இடத்தில் பொன்னுரங்கமும் பெண்டாட்டி தேவானையும் மண் சுமந்தார்கள். மழை பிடித்ததும் அந்த வேலையும் பாதி நாள் இல்லை. அரை வயிற்றோடு கூடை தூக்கியவன் சுருண்டு விழுந்தான்.

தேவானைதான் தாங்கிக்கொண்டு சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். டாக்டர் நோயாளிகளைப் பார்க்கும் ஜன்னலில் ஒரே நெரிசல். டாக்டர் தலை நிமிராமல், நீண்டிருந்த மண் அப்பிய கைகளில் ஒன்றைப் பிடித்தார். “துடிப்பு தப்பித் தப்பி வரது. உடனே படுக்கவைக்கணும்” என்று சீட்டு எழுதினார்.

கட்டில், கம்பளி, பால், ரொட்டி. பொன்னுரங்கம் பிறந்ததிலிருந்து இப்படிப் படுத்ததில்லை. ரொட்டியில் பாதியைப் பிள்ளைகளுக்கென்று தேவானை மாலையில் வந்து வாங்கிப் போவாள்.

“மருந்துதான் நைனா நாடிய நேராக்கிக் கெடுக்குது. குடிக்காத” என்றான் வார்டு ஆள் ஷரஃபுதீன்.

சொட்டு மருந்து எச்சில் கிண்ணத்துக்குப் போயிற்று. மறுநாளும் நாடி நேர்.

“மருந்து நன்னா பிடிச்சுண்டுடுத்து” என்றார் டாக்டர்.

“ஓடிப் பாரு நைனா. நெஞ்சு அடிச்சுக்கினா தானா தப்பும்.”

பொன்னுரங்கம் தண்ணீர் வாளியோடு மாடிப்படியில் ஏறி இறங்கினான். இரண்டாவது நடையில், மாணவர்களை அழைத்துக்கொண்டு வந்த டாக்டர் மேலேயே மோதினான்.

“பாத்தேளா! நிக்க முடியாம வந்தவன், வாளி தூக்கிண்டு ஓடறான்!” டாக்டருக்குப் பெருமை தாங்கவில்லை. “நாளைக்கே அனுப்பிச்சுடலாம்.”

மாலையில் தேவானை மாடியேறி வந்தாள். வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

“நாளைக்கே போவச் சொல்லிட்டாருடி.”

“ஆறு வடியிற வரைக்கும் தாக்காட்டக் கூடாதாய்யா?”

“நான் இன்னா செய்றது? நெஞ்சு நேரா அடிக்குதே, பாவி நெஞ்சு!”

“அக்கா, ஒனக்குக்கூட மூச்சு வாங்குதே. நீயும் காட்டேன்” என்றான் ஷரஃபுதீன்.

“நானும் படுத்துக்கினா புள்ளைங்களுக்கு ஆரு கஞ்சி ஊத்துவா?” அவள் ரொட்டியை மடியில் கட்டிக்கொண்டு எழுந்தாள்.

ஷரஃபுதீன் யோசித்தான். சமையல்கட்டிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தோடு வந்தான்.

“கக்கத்துல வெச்சுக்க. டாக்டரு கையப் புடிக்கச்சொல்ல அமுக்கு, வுடு, அமுக்கு, வுடு. நாடி வந்து வந்து போவும். பட்டாளத்துல லீவு வாங்க நான் செஞ்சது.”

காலையில் டாக்டர் கையைப் பிடித்தார். நாடி நின்றது. வந்தது. மறுபடி நின்றது. அவர் முகம் வெளுத்தது.

பொன்னுரங்கத்துக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. ஒரேயடியாக அமுக்கினான். கையில் நாடியே இல்லை.

“பூட்டானா சார்?” என்றான் பக்கத்துக் கட்டில்காரன்.

“ஒன் வேலையப் பாரு!” என்றான் போனவன்.

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை அவன் நெஞ்சில் வைத்தார். கொஞ்சம் கேட்டார். பிறகு அவன் கையைப் பிடித்து மேலே தூக்கினார். எலுமிச்சம்பழம் விழுந்து வார்டு நீளத்துக்கும் உருண்டது. ஷரஃபுதீன் அவசரமாகக் குனிந்து தரையைத் துடைக்க ஆரம்பித்தான்.

“நெஞ்சு கடியாரமாட்டம் ஓடறது. கைதான் பொய் சொல்றது. எழுந்து போடா!”

வாசலில் மழை. காலி மடியோடு தேவானை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னொரு கை அவள் நெஞ்சில் இருந்தது.

பொன்னுரங்கத்துக்கு ஆறவில்லை. “தவள மாரி குதிச்சிச்சுன்னு அந்தாளே சொன்னாருடி! ஒரே ராவுல எங்க பூடுச்சு அது?”

“எங்கியும் போவலய்யா” என்றாள் தேவானை, மூச்சை இழுத்து இழுத்து. “அன்னிக்கு ஜன்னலாண்ட அவரு புடிச்சது என் கை.”