நாற்பது வந்தால் குடை

இருட்டிய பிறகு அந்தச் சத்தம் கேட்டது. ‘கிர்ர்... கிர்ர்... டொக்.’ நின்றது. மறுபடியும் ‘கிர்ர்.’

எட்டு மாதக் குழந்தை என் இடுப்பில். கைக்கு அகப்பட்டது பால் புட்டி. வந்திருப்பது திருடன் என்றால் பால் புட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? குடித்துவிட்டுத் தூங்கு என்று கொடுக்கலாம். நான் அவ்வளவு பயந்தவள். நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடம் ‘ஸாரி’ கேட்பேன். கான்வென்ட் வளர்ப்பு.

சத்தம் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சின்ன அறையிலிருந்து வந்தது. எட்டிப் பார்த்தேன். என் கணவர். கையில் திருப்புளி, வாயில் திருகாணிகள். கதவின் உட்பக்கத்தில் பளபளவென்று ஒரு புதுத் தாழ்ப்பாள்.

“ஏங்க, என்ன பண்றீங்க?”

“ம்ம்ம் ம்ம்.”

“வாயில இருக்கறத எடுத்துட்டுச் சொல்லுங்க.”

“ஆபீஸ் வேலை. இனிமே தினமும் சாயங்காலம் ரெண்டு மணி நேரம் உள்ளே இருப்பேன். யாரும் தொந்தரவு பண்ணக் கூடாது. புயல் காலம் வருதுல்ல?”

அறைக்குள் ஒரு மேஜை, ஒரு விளக்கு, ஒரு பாய், இரண்டு தலையணை. புயலைத் தலையணை போட்டுத்தான் பிடிப்பார்கள் போலிருக்கிறது.

என் கணவர் வானிலை அலுவலகத்தில் இருக்கிறார். அவரைக் கண்டால் எனக்குப் பிரமிப்பு. அத்தனை பெரிய வானத்தையும் ஒரே ஓர் எண்ணாகச் சுருக்கிவிடுகிற மனிதர் அவர். பால் பொங்குமா, பஸ் வருமா, பிள்ளை விழிக்குமா, எல்லாவற்றுக்கும் சதவீதம் உண்டு. அடிக்கடி தொப்பலாக நனைந்து வீட்டுக்கு வருவார் என்பது வேறு விஷயம். எங்கள் கல்யாண மேடையிலேயே மைக்கைப் பிடுங்கிச் சொன்னார்: “மழையோ வாழ்க்கையோ, நாற்பது சதவீதத்துக்குக் கீழே இருந்தா கவலைப்படாதீங்க. நாற்பதைத் தொட்டுட்டா யோசிக்காம குடையை எடுத்துடுங்க!” எல்லாரும் கை தட்டினார்கள். நான் அன்றைக்குப் பிளந்த வாயை இன்னும் மூடவில்லை.

அதனால்தான் துணிந்து கேட்டேன். “ஏங்க, பெரிய பல்கலைக்கழகத்துல சட்டம் படிக்க எனக்கு இடம் கிடைக்குமா? எத்தனை சதவீதம்?”

பள்ளியில் சிஸ்டர்கள் ஒருமுறை அந்தக் கட்டடத்தைக் காட்ட அழைத்துப் போனார்கள். படிக்கட்டில் நின்று ஒரு தூணை அண்ணாந்து பார்த்தேன். கழுத்து வலித்ததே தவிர தூண் முடியவில்லை. நூறு பேர் நுழைவுத் தேர்வு எழுதினால் ஐந்து பேரை எடுப்பார்களாம். இந்த வருடத்தை விட்டால் எனக்கு வயது தாண்டிவிடும். பிள்ளையைத் தட்டித் தூங்க வைக்கிற நேரமெல்லாம் அந்தத் தூண்தான் கண்ணில் நிற்கிறது.

அவர் என்னைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். தலையணையைப் பார்த்தார்.

“அஞ்சு,” என்றார். “அதுவும் உன் மனசு நோகக் கூடாதேன்னு சொல்றேன்.”

மறுநாள் மாடி வீட்டுத் தையற்கார அக்காவிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என் கல்யாண ரவிக்கையைத் தைத்தவர் அவர்தான்.

“அஞ்சு சதவீதமா சொன்னாரு? அப்போ நிச்சயம் கிடைச்சுடும்டி!”

“என்னக்கா கிண்டல் பண்றீங்க?”

“போன வாரம் மழைக்கு அஞ்சுன்னாரு. நம்பித் துணியெல்லாம் வெளியே காயப்போட்டேன். மூணு கல்யாணப் புடவை நாசம். சரி, அஞ்சு மேலே ஏறுமான்னு கேட்டியா?”

“கேட்கலையே.”

“கேளு. அந்த மனுஷனுக்குக் கணக்குன்னா வெல்லம்.”

பெரியவர்களை எதிர்த்துப் பேசக் கூடாது, சந்தேகம் மட்டும் கேட்கலாம் என்று சிஸ்டர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அன்று சாயங்காலம் என் கணவர் அறைக்குள் போகும் முன் தலையைக் குனிந்துகொண்டு சந்தேகம் கேட்டேன்.

“ஏங்க, அந்த அஞ்சு ஏறவே ஏறாதுங்களா?”

“ஏறும். எதுவும் ஏறும். சூழ்நிலை மாறணும்.”

“தினமும் ரெண்டு மணி நேரம் தடையில்லாமப் படிச்சா?”

“பத்து ஏறும்.” கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

“தனி அறையில?”

“சத்தம் இல்லாத அறையா? இன்னொரு எட்டு!”

“உள்ளே தாழ்ப்பாள் இருந்தா?”

“தாழ்ப்பாள்தான்டி முக்கியம்! ஒரு பய உள்ளே வர முடியாதுல்ல? ஏழு போட்டுக்கோ.” அவர் விரல்கள் காற்றில் கூட்டல் போட ஆரம்பித்துவிட்டன. “முப்பது!”

நான் பிரமித்து நின்றேன். நேற்று ஐந்தாக இருந்தவள் நின்ற இடத்திலேயே முப்பது ஆகிவிட்டேன்.

“குழந்தையை வேற ஒருத்தர் பாத்துக்கிட்டா?”

“அது ஆளைப் பொறுத்தது. பொறுப்பில்லாத ஆளுன்னா உனக்குப் படிப்புல கவனம் போகாது. சுத்தமா பூஜ்யம். பொறுப்பான ஆளுன்னா முழுசா பத்து.”

“நீங்க பொறுப்பான ஆளுங்களா?”

“என்னடி கேள்வி இது! ஊரே என்னை நம்பித்தான் வாசலைத் தாண்டுது!”

“அப்போ மொத்தம் எவ்வளவுங்க?”

“நாற்பது!” என்று கையை உயர்த்திக் கூவினார். உயர்ந்த கை இறங்கவில்லை. திறந்த வாயும் மூடவில்லை.

“குடை எடுத்துக்கட்டுமாங்க?” என்றேன்.

“அது... அது மழைக்குச் சொன்னதும்மா.”

பிள்ளைக்குத் தைத்த சட்டையோடு அக்கா வாசலில் நின்றிருந்தார். எப்போது வந்தாரோ. “வாழ்க்கைக்கும்னு மைக்ல சொன்னீங்களே தம்பி! முன்வரிசையில உக்காந்து கைதட்டினேனே!”

“கணக்குல ஒரு சின்னத் திருத்தம்...”

“திருத்துங்க. எதை எடுக்கப் போறீங்க? உங்க பொறுப்பையா?”

அவர் அக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மெல்லக் கையை நீட்டினார். குழந்தையைக் கொடுத்தேன். பிள்ளை முதல் வேலையாக அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வாயில் வைத்துக்கொண்டது.

அறைக்குள் போனேன். விளக்கைப் போட்டேன். எட்டு மாதத்தில் முதல்முறையாக என் இரண்டு கையும் காலியாக இருந்தன. அந்த நிசப்தம் பயமாக இருந்தது. அன்றைக்கு அந்தத் தூணின் கீழே நின்றபோதும் இப்படித்தான் இருந்தது. இரண்டு தலையணையையும் எடுத்து மரியாதையாக அவரிடம் வெளியே நீட்டினேன்.

“ஏம்மா, இவன் அழுதா கதவைத் தட்டலாம்ல?”

“நாற்பது சதவீதம் அழுதா தட்டுங்க.”

கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன். சத்தமே வரவில்லை. பாவம், அவ்வளவு எண்ணெய் போட்டிருந்தார்.