பத்தே முக்கால் கிலோ ஆசீர்வாதம்

அந்த ஐப்பசியில் போடி ஊரில் ஒரு சுவர்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. எல்லாம் போஸ்டர். கழிப்பறைச் சுவரைக்கூட விட்டுவைக்கவில்லை. 'ஆசீர்வாதப் பெருமழை! ஐந்தே நாள்! கொடுங்கள், நூறாகப் பெறுங்கள்!' என்று மஞ்சள் எழுத்து. நடுவில் கோட்டுப் போட்ட ஒருவர் வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அப்போஸ்தலர் டாக்டர் கர்ணன் சாலமோன். எந்தக் கல்லூரியில் படித்த டாக்டர் என்று கேட்காதீர்கள், கல்லூரிக்கே தெரியாது. பெயர்தான் கர்ணன். கை எப்போதும் வாங்குகிற பக்கமே நீண்டிருந்தது.

ஏலக்காய் விலை அதலபாதாளத்தில் கிடந்த வருஷம் அது. மலையிலிருந்து காய் இறங்குகிறது, வாங்க ஆளில்லை. அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து, "தேவன் உங்களைக் கோடீஸ்வரனாகப் படைத்தார், உங்களுக்குத்தான் அது தெரியவில்லை" என்றால் கூட்டம் கூடாதா? கூடியது. பெரியகுளத்திலிருந்தும் கடமலைக்குண்டிலிருந்தும் வேன் பிடித்து வந்தார்கள். கிறிஸ்தவர்கள் மட்டும் என்றா நினைக்கிறீர்கள்? திருநீறு பூசியவர்களும் முன்வரிசைக்கு முண்டியடித்தார்கள். லாபம் என்றால் எல்லாரும் ஒரே மதம்தான்.

பூட்டிக் கிடந்த பழைய ஜின்னிங் மில்லில் பந்தல். அப்போஸ்தலரின் அற்புதம் இதுதான். சாயங்காலம் ஆளுக்குப் பத்துக் கிலோ ஏலக்காயைத் துணிப்பையில் கட்டிக் கொண்டுவர வேண்டும். மேடையில் எல்லார் முன்னாலும் எடை போட்டு, பெயர் எழுதி, ஜெபித்து, மில் குடோனில் வைத்துப் பூட்டுவார்கள். மறுநாள் காலையில் அதே தராசில் ஏற்றினால் பத்தே முக்கால் கிலோ! கூடின முக்கால் கிலோ கர்த்தருடைய பங்கு. மேடையிலேயே அள்ளிக்கொள்வார்கள். மிச்சம் பத்துக் கிலோ உங்களுக்கு.

ஏனய்யா, பத்தைக் கொடுத்துப் பத்தைத் திரும்ப வாங்குவதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் கேட்டிருக்கலாம். எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு விஷயம். ஏலக்காயைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுத்தான் சாக்கில் கட்டுவது போடி வியாபாரிகள் வழக்கம். ஈரம் பட்டால் காய் கெட்டுப்போகும். அப்போஸ்தலர் பிளாஸ்டிக் கூடவே கூடாது என்றுவிட்டார். "பிளாஸ்டிக் மனுஷன் செய்தது, பருத்தி தேவன் படைத்தது. ஆசீர்வாதம் பருத்தி வழியாகத்தான் இறங்கும்." தலைமுறை தலைமுறையாக ஏலக்காய் விற்றவர்கள் அதற்கும் ஆமென் சொன்னார்கள்.

காய் அற்புதம் சும்மா முன்னோட்டம். ஐந்தாம் நாள் காலையில்தான் உண்மையான அறுவடை. விதைக் காணிக்கை. 'எது இல்லாவிட்டால் உன்னால் வாழ முடியாதோ அதைக் கொடு, நூறு மடங்காகத் திரும்பும்.'

பஜாரில் சின்னதாக ஏலக்காய்க் கடை வைத்திருந்த ஜேசுராஜ் இதைக் கேட்டுவிட்டு நேரே வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தார். உள்ளே இருந்தது அவர் மனைவி சுகிர்தத்தின் இருதய ஆபரேஷனுக்கு வைத்திருந்த பணம். வால்வு பழுது. பத்துப் படி ஏறினால் மூச்சு வாங்கும்.

"என்னங்க, அது என் நெஞ்சத் தொறக்க வச்ச காசு. தை பொறக்குறதுக்குள்ள பண்ணியாகணும்னு மதுரையில டாக்டருக சொன்னாகள்ல?"

"அதனாலதான் குடுக்கணும்கிறாரு புள்ள. நூறு மடங்காத் திரும்புமாம். வால்வும் தானாச் சரியாப் போயிருமாம்."

"போறது என் உசுரு. அத நீங்க எப்படி வெதைக்கிறீக?"

ஜேசுராஜ் பைபிளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சுகிர்தமும் ஜெபம் பண்ணாத நாளில்லை. ஆனால் ஒருநாளும் ஜெபத்தைத் தராசில் ஏற்றியதில்லை.

மூன்றாம் நாள் ஜேசுராஜின் பை 'ஆசீர்வதிக்கப்பட்டு' கடைக்குத் திரும்பியது. அங்கே இருபது வருஷமாகக் காய் பொறுக்கித் தரம் பிரிக்கிறவள் கருத்தம்மாள். கடைக்கு வந்திருந்த சுகிர்தத்தின் எதிரிலேயே ஒரு கை அள்ளிக் காதோரம் குலுக்கினாள்.

"அக்கா, இது ஊமைக் காயி. காஞ்ச காயின்னா கலகலங்கும். இது தண்ணி குடிச்சிருக்கு."

இரண்டு பேரும் அந்தக் காயைத் தட்டில் பரப்பி, கரி அடுப்பு அனலில் பொழுது சாயும்வரை உலர்த்தி எடை போட்டார்கள். பத்துக் கிலோ, ஒன்பதே காலாக நின்றது. முக்கால் கிலோ நல்ல காய் கர்த்தர் பெயரில் போயிருக்கிறது, அந்த இடத்தில் தண்ணீர்! சுகிர்தத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஜேசுராஜிடம் காட்டினால், "ஒங்க சந்தேகந்தான் அந்த முக்காக் கிலோவத் தின்னுருச்சு" என்றார்.

"சந்தேகம் தின்னுச்சுன்னா ஒரு ஏப்பமாச்சும் வந்திருக்கணும்ல?" என்றாள் கருத்தம்மாள்.

இந்த ஆளிடம் பேசிப் பயனில்லை என்று சுகிர்தத்துக்குப் புரிந்துவிட்டது. நான்காம் நாள் இரண்டு துணிப்பைகள் தைத்தாள். ஒன்றைக் கணவர் பெயரில் அவரிடமே கொடுத்தனுப்பினாள். உள்ளே இருந்தது அவருக்குத் தெரியாது. இன்னொன்றைக் கருத்தம்மாள் தன் பெயரில் கொண்டுபோய் வைத்தாள். இரண்டும் சரியாகப் பத்துக் கிலோ.

ஐந்தாம் நாள் காலை. பந்தலில் எள் போட இடமில்லை. ஜேசுராஜ் முன்வரிசையில் மடியில் பணப்பையோடு உட்கார்ந்திருந்தார். தராசில் பை ஏற ஏறப் பத்தே முக்கால், பத்தே முக்கால். அல்லேலூயா, அல்லேலூயா. அடுத்து, "சகோதரர் ஜேசுராஜ்!"

முள் பத்தில் நின்றது. ஒரு இம்மி நகரவில்லை.

அப்போஸ்தலருக்கு ஒரு நொடி நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒரே நொடிதான். தொழில் தெரிந்தவர் அல்லவா? "இந்த வீட்டில் சாபம் இருக்கிறது! காணிக்கையைத் தடுக்கிற ஒரு ஸ்திரீ இருக்கிறாள்! சகோதரரே, விதையைக் கொண்டு வாரும்! இல்லாவிட்டால் மரணம் உம் வாசலில் நிற்கிறது!"

ஜேசுராஜ் எழுந்தார். பணப்பையோடு மேடைப் படியில் கால் வைத்தார். பின்வரிசையிலிருந்து சுகிர்தம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்துகொண்டிருந்தாள். அதற்குள் அடுத்த பை ஏறியது. பன்னிரண்டு கிலோ!

"பன்னிரண்டு!" அப்போஸ்தலர் துள்ளினார். "ஐந்து நாளில் இதுதான் பெரிய அற்புதம்! யார் அந்த விசுவாசி? கருத்தம்மாள்! மேலே வா தாயே. ஆண்டவரை எப்போது ஏற்றுக்கொண்டாய்?"

"நான் இன்னும் ஏத்துக்கிடலய்யா. எங்களுக்குக் கருப்பசாமிதான்."

கூட்டம் லேசாகச் சிரித்தது. கர்த்தருடைய பங்கை அள்ள ஒரு ஊழியர் பையை அவிழ்த்துக் கையை விட்டார். வெளியே வந்த கை முழங்கை வரைக்கும் நசநசவென்று தவிடு.

"எடுத்துக்கோங்கய்யா. மாட்டுக்கு வாங்குன தவிடுதான். எங்க பசு ஒன்னும் கோவிச்சுக்கிடாது" என்றாள் கருத்தம்மாள்.

இப்போது பந்தலே சிரித்தது. மூச்சு வாங்க மேடையேறிய சுகிர்தம் கணவரின் பையை அவிழ்த்து, உள்ளேயிருந்த பிளாஸ்டிக் உறையை எல்லாருக்கும் தூக்கிக் காட்டினாள்.

"இதுக்குள்ள மட்டும் ஈரம் போக வழியில்ல. அதனால பத்து பத்தாவே நிக்கிது. இது சாபமாங்க? தவிட்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் ஒரே ஜெபந்தான பண்ணுனாக?"

ஜேசுராஜ் பக்கத்திலிருந்த வேறொருவர் பையிலிருந்து ஒரு காயை எடுத்து விரலால் நசுக்கினார். முப்பது வருஷ வியாபாரி. கடையில் ஒரு பொடியன் இப்படி நமத்த காயைக் கொண்டுவந்தால் நாலு தெருவுக்கு விரட்டுகிறவர். முகம் செத்துப்போனது. குடோனுக்கு ஓடினார். பின்னாலேயே பஜார் முழுவதும் ஓடியது.

பூட்டை உடைத்தார்கள். தரையெல்லாம் ஈரச் சாக்கு. மூலைக்கு மூலை அடுப்பில் அண்டா அண்டாவாக வெந்நீர், ராத்திரி முழுக்கக் கொதித்த ஆவி இன்னும் அடங்கவில்லை. உள்ளறையில் கர்த்தருடைய பங்கு பதினெட்டு மூட்டை, நன்றாகக் காயவைத்து அடுக்கியிருந்தது. அத்தனை மூட்டைக்கும் இரட்டைப் பிளாஸ்டிக் உறை! பருத்தி உங்களுக்கு, பிளாஸ்டிக் அவருக்கு.

அப்போஸ்தலர் பின்வாசல் வழியாகக் காரை நோக்கி ஓடினார். திருநீறு பூசிய ஒருவரும் சிலுவை போட்ட ஒருவரும் சேர்ந்து கோட்டைப் பிடித்து இழுத்தார்கள். போலீஸ் வரும்வரை விடவில்லை.

ஆபரேஷன் கார்த்திகையில் நடந்தது. எட்டாம் நாள் சுகிர்தம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். பக்கத்தில் ஜேசுராஜ் கண் கலங்கி நின்றார்.

"கர்த்தர்தான் உன்னக் காப்பாத்துனாரு புள்ள."

"ஆமாங்க. டாக்டருக்கு ஒரு மூளையக் குடுத்தாரு. கருத்தம்மாளுக்கு ஒன்னு குடுத்தாரு. உங்களுக்கும் ஒன்னு குடுத்தாரு. அதப் பிரிச்சுக்கூடப் பாக்காம, எதுக்குங்க அப்படியே காணிக்கையாப் போடப் போனீக?"

கேள்வி ஜேசுராஜுக்கு மட்டும்தான் என்று நினைத்துச் சிரிக்கிறவர்கள், தங்கள் தலையையும் ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது.