கவனிப்பின்மைச் சான்றிதழ்

ஒரு பழைய காரை விற்க வேண்டுமானால் முதலில் கார் வேண்டும். அது எல்வுட் ஹாஸ்கின்ஸிடம் இருந்தது. இந்தியானாவில் அவருடைய சோளக்காட்டுக் கொட்டகையில், 1957ஆம் வருடத்து டார்ட்வெல். முன்னால் மூன்று விளக்குகள். பின் இருக்கை பின்பக்கம் பார்த்திருக்கும். அதில் உட்காருகிறவர்களுக்குப் போகிற ஊர் தெரியாது, விட்டு வந்த ஊர்தான் தெரியும். இப்படி நானூறு கார்கள் செய்த பிறகு கம்பெனிக்குப் புத்தி வந்து கதவை மூடிவிட்டது. ஆகவே இன்று அந்தக் காருக்காகப் பணக்காரர்கள் அடித்துக்கொள்கிறார்கள்.

எல்வுட்டுக்கு விற்க மனமில்லை. ஆனால் வீட்டுக் கூரை, சரியாகக் கட்டிலுக்கு மேலே, பதினோரு வருடமாக ஒழுகியது. மழைக்குத் தகுந்தபடி அவரும் மனைவி மேவிஸும் கட்டிலை நகர்த்தி நகர்த்தி, இப்போது அறையில் நகர்த்த மூலை மிச்சமில்லை. காரை விற்றால்தான் கூரை என்று மேவிஸ் கறாராகச் சொல்லிவிட்டாள்.

கைபடாத கார்கள் காப்புச் சங்கத்தின் சான்றிதழ் இல்லாத காரை எந்தச் சேகரிப்பாளரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. சங்கத்தின் ஆய்வாளர் கிளிஃப்டன் புரூவர் வந்தார். வெள்ளைக் கையுறை போட்டு பானட்டைத் தடவினார். கையுறை வெள்ளையாகவே திரும்பி வந்தது.

"தூசியைக் காணோமே?" என்றார்.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை துடைச்சு மெழுகு போடுவேன் சார்," என்றார் எல்வுட் பெருமையாக.

"எத்தனை வருஷமா?"

"நாப்பத்தோரு வருஷமா."

ஆய்வாளர் துக்கம் விசாரிக்க வந்தவர் போலத் தொப்பியைக் கழற்றினார். "என்ன காரியம் பண்ணிட்டீங்க சார். விதி பதினாலு, உட்பிரிவு மூணு. முப்பது வருஷமாவது கார் அநாதையா கெடந்திருக்கணும். உங்க பக்கத்து வீட்டு கிரெப்ஸ் வண்டியைப் பாருங்க. இன்ஜினுக்குள்ள மரம் முளைச்சிருக்கு, சீட்ல கோழி முட்டை போட்டிருக்கு. நூத்துக்குத் தொண்ணூத்திரண்டு மார்க்."

"ஆனா என் வண்டி ஓடும் சார்."

"அதை வெளியில சொல்லாதீங்க."

முப்பது வருடம் காத்திருக்கக் கணவன் மனைவி இரண்டு பேருக்கும் வயதில்லை. மனம் இரங்கிய ஆய்வாளர், கார் நல்ல ஒழுகல் உள்ள இடத்தில் ஒரு குளிர்காலம் இருந்தால் அதைப் பத்து வருடமாகக் கணக்கில் கொள்ளலாம் என்றும், அதற்கு ஒரு துணை விதி இருப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

கொட்டகையில் ஒரு சொட்டு ஒழுகாது. பதினோரு வருடத்துக்கு முன் ஒரே ஒரு கூரைக்குத்தான் தகரம் கிடைத்தது. எல்வுட் அதைக் கொட்டகைக்குப் போட்டுவிட்டார். மேவிஸ் அதை இன்னும் மறக்கவில்லை.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றாள். "நல்லா ஒழுகற எடம் நம்ம படுக்கையறை. நனையாத எடம் கொட்டகை. வண்டி அங்க போகட்டும், நாம இங்க வந்துடுவோம்."

அப்படியே நடந்தது. படுக்கையறைச் சுவரை இடித்துக் காரைக் கட்டில் இருந்த இடத்தில் நிறுத்தினார்கள். கட்டில் கொட்டகைக்குப் போனது. மேவிஸ் பதினோரு வருடத்தில் முதல் முறையாகக் காய்ந்த தலையணையில் தூங்கினாள். எல்வுட்தான் தவித்தார். மழை பிடித்தால் கையில் துணியோடு எழுந்துவிடுவார்.

"உட்காரு. ஊறட்டும்," என்பாள் மேவிஸ்.

மூன்று குளிர்காலம் போனது. வசந்தத்தில் ஆய்வாளர், கார்டன் விட்டேக்கர் என்ற கலிபோர்னியச் சேகரிப்பாளரையும் கூட்டிக்கொண்டு வந்தார். துரு செம்மையாகப் பிடித்திருந்தது. டயரில் காளான். எலிக் குடும்பம் ஒன்று முன் விளக்கில் குடியிருந்தது. விட்டேக்கர் செக் புத்தகத்தை வெளியே எடுத்தார். ஆய்வாளர் பேனாவைத் திறந்தார். காரைச் சுற்றிப் பின்பக்கம் போனவர் நின்றுவிட்டார்.

டிக்கியின் மேல், கைக்குட்டை அளவு இடம், கண்ணாடியாகப் பளபளத்தது.

"யார் வேலை இது?"

எல்வுட் தலையைக் குனிந்தார். "மனசு கேக்கல சார். அந்த ஒரு எடம் மட்டுந்தான்."

"அன்புத் தலையீடு," என்று எழுதினார் ஆய்வாளர். "சான்றிதழ் மறுக்கப்படுகிறது."

எல்வுட் அங்கேயே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். கார் போச்சு, கூரையும் போச்சு. அப்போது ஆய்வாளரின் வழுக்கையில் ஒரு சொட்டு விழுந்தது. நிமிர்ந்து பார்த்தார். பழுப்பு வளையங்கள், தொங்கும் பலகை, மரத்தில் பாசி. அவர் குரல் மாறியது.

"இந்தக் கூரையை யாராவது தொட்டிருக்காங்களா?"

"சத்தியமா இல்ல," என்றாள் மேவிஸ். "பதினாலு வருஷமா நான் சாட்சி. ஒரு ஆணி அடிச்சதில்ல இந்த மனுஷன்."

பதினாலு வருடம், அதில் மூன்று குளிர்காலத்துக்குத் துணை விதிப்படி முப்பது. கூட்டிப் பார்த்தார். கூரைக்குத் தொண்ணூற்றெட்டு மார்க். விட்டேக்கர் அந்த இடத்திலேயே செக் எழுதினார். தன் கண்காட்சி மண்டபத்தில் அதைத் தொங்கவிட்டு, குழாய் வைத்து ஒழுகவிடப் போவதாகச் சொன்னார். அந்தப் பணத்தில் மூன்று கூரை போடலாம். காரும் பிழைத்தது. எல்வுட் வாளியிலிருந்து துள்ளி எழுந்து, துணியைத் தேடிக்கொண்டு நேராகக் காரிடம் போனார்.

மேவிஸ் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு ஆய்வாளரிடம் கேட்டாள்: "சார், இன்னொரு படிவம் இருக்கா?"

"எந்தப் பொருளுக்கு?"

"எனக்கு."

ஆய்வாளர் கடமை தவறாதவர். படிவத்தை எடுத்தார். "உடைமையாளரிடம் எத்தனை வருஷம்?"

"நாப்பத்தோரு வருஷம் இருக்கும், கார் வாங்கின வாரமே கல்யாணம். இப்ப மூணு சேருங்க."

"வைத்திருந்த இடம்?"

"அந்தப் பின் சீட்டு. முன் சீட்டு தேஞ்சிடும்னு உறை போட்டு வச்சிருந்தாரு. போற ஊரை இதுவரைக்கும் நான் பார்த்ததே இல்ல."

"பழுது பார்த்தல், மெழுகிடல், நலம் விசாரித்தல்?"

"நாலஞ்சு வருஷத்துக்கு முன்னால முட்டிவலி எப்படியிருக்குன்னு கேட்டேனே," என்றார் எல்வுட், துணியைப் பிடித்தபடி.

ஆய்வாளரின் பேனா நின்றது. "இது அன்புத் தலையீடு ஆச்சே."

"பம்பரைத் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டியிருந்துச்சு சார். அதுக்குக் கேட்டாரு."

"அப்ப சேராது," என்று ஆய்வாளர் நிம்மதியாக எழுதினார். நூற்றுக்கு நூறு. சங்க வரலாற்றில் அதுவே முதல் முறை. மேவிஸ் சான்றிதழை வாங்கி, பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, மடித்து வைத்துக்கொண்டாள். எல்வுட்டின் கையிலிருந்த துணி அசையவில்லை. எங்கே துடைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

விட்டேக்கர் இருமினார். "அந்தப் படிவத்துல எனக்கு ஒண்ணு குடுங்க. என் வீட்டுக்காரி கேட்டாலும் கேப்பா."

ஆய்வாளர் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். பிறகு தன் வீட்டை நினைத்தோ என்னவோ, இன்னொன்றைக் கிழித்துச் சத்தமில்லாமல் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்தக் கோடையிலேயே படிவம் தீர்ந்துவிட்டது. இப்போது மறுபடி அச்சடித்திருக்கிறார்கள், இலவசம்தான். உங்கள் வீட்டுக்கு வேண்டாமென்றால், வீட்டுக்காரி கேட்டு வாங்குவதற்கு முன் அவளிடம் முட்டிவலி எப்படியிருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.