கீரனூர் ஸ்டாப்பில் நின்ற பென்ட்லி

மாதா துணை

குன்றாண்டார்கோவில்,
ஞாயிறு, பூசை பார்த்து வந்த கையோடு.

அன்பும் பண்பும் நிறைந்த மைத்துனர் ஜெரால்டு அவர்களுக்கு, உங்கள் அக்காள் இன்னாசியம்மாளின் கணவனும் ஓய்வுபெற்ற அரசுப் பேருந்து ஓட்டுநருமாகிய சவரியப்பன் எழுதிக்கொள்வது. இங்கு நான், உங்கள் அக்காள், மாடு, கோழி யாவரும் சுகம். மஸ்கட்டில் உங்கள் சுகத்தையும், லீவு தராத உங்கள் மேனேஜரின் சுகத்தையும் ஆண்டவர் அவரவர்க்குத் தக்கபடி பார்த்துக்கொள்வாராக. நம் மகள் பொற்கொடியின் திருமணம் போன வாரம் ஆவூர் கோவிலில் இனிதே நடந்தேறியது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் பாதியிலேயே "நான்தான் அப்பவே சொன்னேனே அத்தான்" என்பீர்கள். கடுதாசியில் அந்த வசதி உங்களுக்கு இல்லை.

"பொண்ணு வந்து எறங்குறது பெரிய காரா, புதுக் காரா இருக்கணும்" என்று தாய்மாமன் என்ற முறையில் நீங்கள் சொன்னது நியாயமே. பெரிய காருக்கு ஏற்பாடு செய்தேன். புதுசுதான் வாய்க்கவில்லை. கோட்டைப்பட்டினம் ஷேக் பரீது பாயை உங்களுக்குத் தெரியும். நான் அந்த ரூட்ல ஓட்டுன காலத்துல கருவாட்டு மூட்டையோட என் சீட்டுக்குப் பின்னாடியே ஒக்காந்து வந்து சிநேகிதமானவர். அவங்க வாப்பா ஏற்காட்டுல எஸ்டேட் வெச்சிருந்த ஒரு துரைகிட்ட வாங்குன பென்ட்லி காரு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்தொண்ணுல இங்கிலாந்துல செஞ்சது, கறுப்பும் சந்தனமுமா, மூக்குல ரெக்கை வெச்ச 'பி' எழுத்தோட இன்னைக்கும் மினுக்கிக்கிட்டு நிக்குது. "நம்ம புள்ள கல்யாணத்துக்கு வராம அது வேற எங்கிட்டுப் போகும்?"னு பாயே கொண்டாந்துட்டாரு. உங்க அக்கா பாத்துட்டு, "பொண்ணக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா, மியூசியத்துக்கா?"ன்னா. பொற்கொடிதான் உள்ள ஏறி, முன்சீட்டு முதுகுல மடிச்சு வெச்சிருந்த மரப்பலகைய இழுத்து மேசையாக்கி, கூரைக் கதவைத் தள்ளி வானத்தப் பாத்து, "அப்பா, நான் எறங்கவே மாட்டேன்"னு சிரிச்சா. அதுக்கப்புறம் யாரு பேச்சு எடுபடும், சொல்லுங்க?

கல்யாணத்தன்னைக்குக் காலையில பாயோட டிரைவர் வீரய்யா, முந்தின நாள் விருந்துல எறாவை ஒரு கை பாத்ததுல, கொல்லைப்பக்கமே குடியிருக்கான். எந்திரிக்க முடியலை. பூசைக்கு நேரமாச்சு. "ஆயுசு பூரா பஸ் ஓட்டுன ஆளுக்கு இது ஒரு வண்டியாண்ணே?"னு பாய் சாவியக் கையில குடுத்துட்டாரு. பட்டுவேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ஏறிட்டேன். பக்கத்துல பாய், பின்னாடி உங்க அக்காவும் பொற்கொடியும். முதக் கோளாறு என்னன்னா, ஸ்டார்ட் ஆச்சா இல்லையான்னே தெரியலை. நம்ம பஸ்ஸு ஸ்டார்ட் ஆனா பக்கத்து ஊரு முழிச்சுக்கும். இது பூனை தூங்குற மாதிரி இருக்கு. ரெண்டாவது கோளாறு, இதுக்குக் கியரு என் வலது பக்கம், கதவை ஒட்டி. எனக்குப் பழக்கம் இடது கையில. கையி தன்னால இடப்பக்கம் போயி கெட்டியாப் புடிச்சு ஒரு இழுப்பு இழுக்குது, கியரு விழமாட்டேங்குது. "அண்ணே, அது எம் முட்டி"ங்குறாரு பாய்.

அப்படி இப்படி கீரனூர் வந்துட்டோம். மாப்ள, இதுல எந்தப் பொய்யும் இல்லை, பஸ் ஸ்டாப்பக் கண்டதும் என் கால் தானா பிரேக்க மிதிச்சிருச்சு. கையி தானா சிக்னலப் போட்டுருச்சு. அந்தக் காருல சிக்னல்னா கண்ணு சிமிட்டுற லைட்டு இல்லை, கதவுக்குப் பக்கத்துல இருக்குற தூண்லேருந்து சின்னக் கை ஒண்ணு வெளிய நீளும். ஸ்டாப்புல வெள்ளரிக்காய்க் கூடையோட நின்ன ஒரு அம்மா, வண்டியே கை நீட்டிக் கூப்புடுதேன்னு பின்கதவத் தெறந்து ஏறிட்டாங்க.

"களமாவூர் போகுமா? பொம்பளையாளுக்கு பிரீ தானே?"

உங்க அக்கா, "ஏம்மா, இதப் பாத்தா பஸ்ஸு மாதிரியா இருக்கு?"ன்னா.

"அதான் மூக்குல 'பி' போட்டிருக்கே. பி-ன்னா பஸ்ஸு தானே?"

பாய் திரும்பிப் பாத்து, "பிரீதாம்மா, நல்லா ஒக்காருங்க"ன்னுட்டாரு. பொற்கொடி சேலையை ஒதுக்கி எடம் விட்டா. இங்கிலாந்துக்காரன் டீ குடிக்கச் செஞ்ச மேசையில கூடை ஏறி ஒக்காந்துச்சு. கல்யாணப்பொண்ணு உப்புப் போட்டு வெள்ளரிக்காய் தின்னுக்கிட்டே வாரா. உங்க அக்கா முதல்ல மொகத்தத் திருப்பிக்கிட்டு இருந்தா, அப்புறம் அவளும் ஒண்ணு வாங்கிக்கிட்டா.

களமாவூர் பாலத்துக்கிட்ட பாத்தா ரோட்டோரத்துல கோட்டு சூட்டோட ஒரு ஆளு நின்னு கையக் காட்டுது. யாருன்னு பாத்தா நம்ம மாப்பிள்ளை நிலவழகன்! நீங்க சொன்ன மாதிரியே அவங்க புதுக் காரு புடிச்சிருக்காங்க. மாலையச் சரிபண்ண மாப்பிள்ளை எறங்க, உதவி பண்ண டிரைவரும் எறங்க, சாவிய உள்ள வெச்சுக்கிட்டுக் கதவு நாலும் பூட்டிக்கிச்சு. சொந்தக்காரங்க வேன் எப்பவோ ஆவூர் போயிருச்சு. மாப்பிள்ளை இல்லாம நாம மட்டும் போயி என்ன பண்றது? ஏத்திக்க வேண்டியதுதான். ஆனா உங்க அக்கா, "பீடத்துக்கு முன்னாடிதான் ரெண்டு பேரும் மொகம் பாக்கணும்"னு ஒரே புடி. உடனே வெள்ளரிக்காயம்மா கூடைய மூடியிருந்த ஈரச்சாக்க எடுத்து ரெண்டு கையாலயும் தூக்கி, முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவுல திரையாப் புடிச்சுக்கிட்டாங்க. களமாவூர்ல எறங்க வேண்டியவங்க அதோட எறங்குறதையே மறந்துட்டாங்க.

முன்னாடி பாய் சன்னலோரம் ஒதுங்க, மாப்பிள்ளை எனக்கும் அவருக்கும் நடுவுல. வண்டிய எடுத்தேன். மூணாவது கியருக்கு என் கையி போச்சு, கெட்டியாப் புடிச்சுது. புடிச்சது மாப்பிள்ளை முட்டி. நான் விடாம அழுத்துறேன். அந்தப் புள்ள என் மொகத்தையே பாத்துட்டு, தன் கைய என் கைமேல வெச்சு, மெதுவா, "மாமா, எனக்குப் புரியுது. ஒத்தப் பொண்ணு. நீங்க கவலைப்படாதீங்க, நான் நல்லாப் பாத்துக்குவேன்"னாரு.

நான் கியரத் தேடுறேன்னு எந்த வாயால சொல்றது? ஆனா ஜெரால்டு மாப்ள, அது வரைக்கும் பந்தலு, சமையலுன்னு ஓடிக்கிட்டே இருந்ததுல எனக்கு அழுகையே வரலை. அந்தப் பேச்சக் கேட்டதும் வந்துருச்சு. பாய் துண்டால கண்ணத் தொடைக்கிறாரு. சாக்குக்குப் பின்னாடி பொற்கொடி மூக்கு உறிஞ்சுறது கேக்குது. அந்த வண்டியில எஞ்சின் சத்தம் கெடையாதுல்ல, எல்லாந் தெளிவாக் கேக்குது. மூணாவது கியரு கடைசி வரைக்கும் விழலை. ரெண்டாவதுலயே ஆவூர் போய்ச் சேந்துட்டோம்.

கோயில் வாசல்ல கார் நின்னதும் பேண்டுக்காரங்களுக்குச் சைகை போயிருச்சு. கதவு தெறந்துச்சு, வாத்தியம் முழங்குச்சு, பூவக் கொட்டுனாங்க, கேமராக்காரன் குனிஞ்சு நிமிர்ந்து எடுத்தான். எறங்குனது வெள்ளரிக்காயம்மா. கூடையோட. அவங்க கொஞ்சமும் அசரலை, பூவத் தட்டி விட்டுட்டு எல்லாரையும் பாத்துக் கும்புட்டாங்க. பூசை முடிஞ்சு போட்டோ எடுக்குறப்ப, "தாய்மாமன் எடம் காலியா இருக்கு, யாராச்சும் நில்லுங்க"ன்னு கேமராக்காரன் கத்தினான். பொற்கொடி அவங்க கையப் புடிச்சு இழுத்து நிறுத்திட்டா. ஆல்பம் வந்ததும் கோவிச்சுக்காதீங்க. உங்களைவிட அவங்க நல்லாச் சிரிச்சிருக்காங்க.

ஆகையால் மைத்துனர் அவர்களே, நீங்கள் சொன்னதே சரி என்று எழுத்து மூலம் ஒத்துக்கொள்கிறேன். புதுக் காரே உத்தமம். இனி அந்தப் பென்ட்லியின் கதவைக்கூடத் தொடுவதில்லை என்று உங்கள் அக்காளுக்கு மாதாவின் முன்னால் வாக்குக் கொடுத்துவிட்டேன். உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் குறைவில்லாத ஆசீரும், அடுத்த மாதமாவது லீவும் கிடைக்க மன்றாடும்,

அத்தான்,
சவரியப்பன்.

பி.கு.: கவரை ஒட்டப்போற நேரத்துல பரீது பாய் வண்டியோட வந்து வாசல்ல நிக்கிறாரு. அவரு மக மாஹிராவுக்கு நாளைக்குக் கோட்டைப்பட்டினத்துல நிக்காஹ், இன்னைக்கே கெளம்பணுமாம். வீரய்யா தேறிட்டான், ஆனா மாப்பிள்ளை வீட்டுல நம்ம கல்யாண வீடியோவப் பாத்துட்டு அந்தப் பெரியவர்தான் ஓட்டணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்களாம். மாதாவுக்குக் குடுத்த வாக்கு என்னாகுறதுன்னு உங்க அக்காவக் கேக்க வீட்டுக்குள்ள போனேன். ஆளக் காணோம். வெளிய வந்து பாத்தா, பட்டுச்சேலை கட்டி, மேசைய விரிச்சு வெச்சுக்கிட்டு, பின்சீட்டுல ஒக்காந்து, "இன்னும் என்ன எழுத்து? வண்டிய எடுங்க, ஸ்டாப்புல ஆளுக காத்துக்கிட்டு நிக்கும்"ங்குறா.