அறுபத்தொரு மக்ராயன்கள்

"அறுபத்தொரு பிள்ளைங்களாய்யா அந்தத் துரைக்கு?" என்று கேட்டபடி பொன்னேரி தாசில்தார் துளசிராமன் கடிதத்தை மேசைமேல் போட்டார்.

"பிள்ளைங்க இல்ல சார், பேருங்க," என்றார் உப்புமேட்டில் நிலக்கணக்கும் ஊர்க்கணக்கும் எழுதும் கர்ணம் தணிகாசலம்.

"அந்தம்மா பிள்ளைங்கன்னுதான் நினைச்சிருக்காங்க. படிச்சுப் பாருங்க."

கடிதம் ஸ்காட்லாந்திலிருந்து வந்திருந்தது. கிளென்டாரி என்ற இடத்தில் நானூறு வருடமாக நிலபுலத்தோடு வாழ்ந்த மக்ராய் வம்சத்தில் மிச்சமிருந்த ஒரே வாரிசு, மிஸ் எம்.டி. மக்ராய் என்ற எழுபது வயது அம்மாள் எழுதியது. 'எங்கள் அலெக்சாண்டர் மணமாகாதவர். அவர் நினைவாகவே இங்கே ஒரு பெண் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளாமல் இருந்தாள். தாங்கள் அனுப்பிய அறுபத்தொரு பெயர்களை வைத்துக்கொண்டு நான் என்ன நினைப்பது?'

தணிகாசலத்துக்குக் காதோரம் வியர்த்தது.

இரண்டு மாதத்துக்கு முன் அந்த அம்மாளின் முதல் கடிதம் கலெக்டர் ஆபீஸ் வழியாக வந்தபோது அவருக்கு எவ்வளவு சந்தோஷம்! தன் குடும்பத்தின் வம்சாவளியை எழுதிக்கொண்டிருப்பதாகவும், 1881-ல் கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே உப்புமேட்டில் இறந்த அலெக்சாண்டர் மக்ராயின் கிளை மட்டும் பாதியில் நிற்பதாகவும் அதில் இருந்தது. அந்த ஊர்ப் பதிவேட்டில் மக்ராய் என்ற பெயர் எங்காவது இருந்தால் தெரிவிக்கச் சொல்லியிருந்தார்.

இருந்தாலா? தணிகாசலம் கிராம முன்சீப்பிடமிருந்த பிறப்புப் பதிவேடுகளை வாங்கி, தூசி தட்டி, ஐந்து நாள் உட்கார்ந்து எழுதினார். ஆணில் மக்ராயன், பெண்ணில் மக்ராயம்மா, மொத்தம் அறுபத்தொன்று. ஒன்றுகூட விடவில்லை என்று பெருமையாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்.

"சார், அது எப்படின்னா," என்று தணிகாசலம் இப்போது ஆரம்பித்தார். எதையும் ஆதியிலிருந்து விளக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. "தாது வருஷப் பஞ்சத்துல இந்தத் துரை கால்வாய் வெட்ட ஆள் எடுத்தாரு. வெட்டினவனுக்கும் ஒரு கலயம் கஞ்சி, வெட்டத் தெம்பில்லாம உக்காந்திருந்தவனுக்கும் ஒரு கலயம் கஞ்சி. 'உக்காந்திருக்கிறவன் இன்னா வேலை பாக்கிறான்?'னு மேலதிகாரி கேட்டாராம். 'வெட்டின மண்ணை எண்ணுறான்'னு துரை எழுதிட்டாராம். சுத்துப்பட்டுல எல்லா ஊரும் காலியாச்சு. உப்புமேட்டுல ஒரு உசிரு போகல. அந்த நன்றிக்கு ஊட்டுக்கு ஒரு பிள்ளைக்குத் துரை பேரு."

"இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கலாம்ல?"

"கேக்கலியே சார்."

தாசில்தார் கண்ணை மூடித் திறந்தார். "நல்லா கேட்டுக்குங்க. மேலேயிருந்து வந்த காகிதம் இது. ஒரு நல்ல மனுஷன் பேரைக் கெடுத்துட்டோம்னு இன்னொரு கடிதம் வந்தா உங்க கர்ணம் உத்தியோகம் நிக்காது. சரிபண்ணுங்க."

உத்தியோகம் போவதைவிட மற்றதுதான் தணிகாசலத்தை அறுத்தது. கஞ்சித்தொட்டிக்குக் கணக்கு எழுதியவர் அவருடைய தாத்தா. அந்தக் கஞ்சியைக் குடித்து வளர்ந்தவர் அவருடைய அப்பா. அப்பேர்ப்பட்ட துரையைத் தன் கையெழுத்தாலேயே அறுபத்தொரு பிள்ளைக்குத் தகப்பனாக்கிவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

சரிபண்ண அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். சொத்துத் தகராறு வந்தால் கர்ணம் வம்சாவளி போட்டுக் கொடுப்பார். மேலே மூத்தவருக்கு ஒரு கட்டம், அதிலிருந்து கோடு, கீழே பிள்ளைகள், அதற்கும் கீழே பேரப்பிள்ளைகள். யாருக்கு யார் உறவு, யாருக்கு யார் உறவில்லை என்பது பளிச்சென்று தெரியும். இருபத்து மூன்று குடும்பத்துக்கும் இருபத்து மூன்று தாளில் வம்சாவளி போட்டார். எல்லாம் தனித்தனிக் குடும்பம் என்று இதைவிடத் தெளிவாக யாரால் காட்ட முடியும்?

தபாலில் போட்ட பிறகுதான் தாசில்தார் நகலை எடுத்துப் பார்த்தார்.

"கர்ணம், எல்லாத் தாளிலும் உச்சிக் கட்டத்துல என்ன பேர் இருக்கு?"

தணிகாசலம் பார்த்தார். முதல் தாளில் மக்ராயன். இரண்டாவது தாளில் மக்ராயன். இருபத்து மூன்றிலும் மக்ராயன்.

"அது எப்படின்னா சார், தாத்தா பேரு பேரனுக்குப் போவும். இன்னிக்கு இருக்கிற மக்ராயனுக்கு அப்பன் கோவிந்தன். கோவிந்தனுக்கு அப்பன் மக்ராயன். பஞ்சம் முடிஞ்சி பொறந்த மொதப் பிள்ளை அவன். பதிவேடும் அதுக்கப்புறம்தான் ஆரம்பிக்குது. அதனால மேல போனா எல்லாம் அங்கதான் முட்டும். ஆனா இந்தத் தாள் மக்ராயன் வேற, அந்தத் தாள் மக்ராயன் வேற."

"அது உப்புமேட்டுக்குத் தெரியும். ஸ்காட்லாந்துக்குத் தெரியுமா? ஒரே ஆள் இருபத்து மூணு வீட்டுக்கு மூலபுருஷன்னு படம் வரைஞ்சு அனுப்பியிருக்கீங்க!"

பதில் சுருக்கமாக வந்தது. 'நேரில் வருகிறேன். எங்கள் வம்சத்தில் விடை தெரியாத கேள்வி ஒன்று ஏற்கெனவே இருந்தது. உங்கள் உதவியால் அது இரண்டாகிவிட்டது. எம்.டி. மக்ராய்.'

அந்த 'டி' அப்பா பெயரின் முதலெழுத்தாக இருக்கும், அனேகமாக தாமஸ் என்று தணிகாசலம் தன் கோப்பில் குறித்துவைத்தார்.

அம்மாள் வருகிற நாளன்று ஊரைச் சுற்றிப் பார்த்த தணிகாசலத்துக்குப் பகீரென்றது. ஏரித் தண்ணீரிலும் உப்பு வெயிலிலும் புரளும் பிள்ளைகளுக்கு எங்கேயிருந்து கறுப்பு முடி வரும்? அத்தனை தலையும் செம்பட்டை. வெள்ளைக்காரி பார்த்தால் வேறு சாட்சியே வேண்டாம்.

"குப்பம்மா! எல்லாப் பசங்க தலையிலயும் எண்ணெய் தடவு. வழிய வழியத் தடவு. அப்பதான் கறுப்பாத் தெரியும்," என்றார்.

குப்பம்மாள் ஊரில் வாய்க்காரி. அவள் மகனும் ஒரு மக்ராயன்தான். "எண்ணெய் யாரு ஊட்டு எண்ணெய் கர்ணம் ஐயா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு தூக்கு எண்ணெயையும் காலிசெய்தாள்.

உப்புமேட்டுக்கு வர ஏரியைத் தாண்ட வேண்டும், அதற்கு ஒரே ஒரு படகுதான். படகுக்காரர் துலுக்காணம். அறுபது வயதிலும் அவர் வாய் மட்டும் ஓயாது. அவர் சொல்லும் கதை ஊருக்கெல்லாம் மனப்பாடம். அரிசி மூட்டையோடு வந்த துரையின் படகு ஏரியில் கவிழ்ந்ததாம். அவருடைய தாத்தா, அவர் பெயரும் துலுக்காணம்தான், நீந்திப்போய்த் துரையைத் தாடியைப் பிடித்து இழுத்துக் கரைசேர்த்தாராம்.

"சாவடியில மாட்டியிருக்கிற படத்துல துரைக்குத் தாடியே இல்லியே?" என்று யாராவது கேட்டால், "அதுக்கப்புறம்தான் எடுத்துட்டாரு. மறுபடி எவனாச்சும் புடிச்சி இழுத்துட்டா?" என்பார். அவர் குடும்பத்தில் மட்டும் மக்ராயன் கிடையாது. "நன்றிக்கடன் பட்டவன்தான் பேரு வெப்பான். எங்களுக்கு இன்னா கடன்? அவருதான் எங்களுக்குக் கடன்பட்டவரு!" என்பார். ஊர் சிரிக்கும்.

"இன்னிக்கு நீ வாயைத் தொறக்கக் கூடாது," என்றார் தணிகாசலம். "உன் பேரைக்கூடச் சொல்லாத. ஏற்கெனவே பேருங்களாலதான் பேஜாரு."

"ஒரே ஒருவாட்டி சொல்லிக்கிறேன் கர்ணம்."

"தொறந்தா அடுத்த வருஷம் படகு ஏலம் உனக்கில்ல."

துலுக்காணம் வாயை மூடிக்கொண்டு துடுப்பை எடுத்தார்.

மிஸ் மக்ராய் ஒல்லியாக, நெட்டையாக, தொப்பியோடு வந்தார். கூடவே தாசில்தார், கைப்பெட்டி சுமந்த தாலுகா ஆபீஸ் பியூன் கலியன், மொழிபெயர்க்கப் பள்ளிக்கூட டீச்சர் சாராள். படகில் அம்மாள், "இவர் யார்?" என்று கேட்டார். "படகுக்காரரு, அவ்ளோதான்," என்றார் கர்ணம். துலுக்காணம் பெருமூச்சு விட்ட வேகத்தில் படகே ஆடியது.

கரையில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். எண்ணெயில் ஊறிய செம்பட்டை முடி உச்சிவெயிலில் புதுச் செம்புக் குடம்போல் மின்னியது. முப்பது தலை, முப்பது செம்புக் குடம். மிஸ் மக்ராய் தன் தொப்பியைக் கழற்றினார். நரைக்கு நடுவே மிச்சமிருந்த அவருடைய முடியும் அதே செம்பு நிறம்.

"ஓ," என்றார் அம்மாள்.

தாசில்தார் கர்ணத்தைப் பார்த்த பார்வையில் உத்தியோகம் பாதி போய்விட்டது.

"சார், ஊர்க்காரங்களே வாக்குமூலம் குடுத்திடட்டும்," என்றார் தணிகாசலம் அவசரமாக. "குப்பம்மா, துரைக்கும் உங்களுக்கும் இன்னா சம்பந்தம்? உண்மையை மட்டும் சொல்லு."

குப்பம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். துரையைப் பற்றிப் பேசினாலே அவளுக்குக் கண் கலங்கிவிடும். "இன்னா சம்பந்தமா? அவரு இல்லன்னா நாங்க ஏதும்மா? என் மாமனாரு, என் ஊட்டுக்காரு, என் மவன், எங்க வம்சமே அவரு போட்ட பிச்சை. தெனம் விளக்கேத்தறப்ப அவரைக் கும்பிட்டுட்டுத்தான் மத்த வேலை!"

சாராள் டீச்சர் பள்ளிக்கூட ஒழுங்கோடு ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் சொன்னார். அம்மாள் மெதுவாக அங்கிருந்த கல்லின்மேல் உட்கார்ந்தார்.

"என் பெரியம்மா ஊட்லயும் அப்படித்தான்!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். "எங்க ஊட்லயும்!" என்று இன்னும் பத்துக் குரல். கூட்டமே கையெடுத்துக் கும்பிட்டது.

"ஐயோ, சும்மா இருங்கடா!" தணிகாசலத்துக்கு அழுகையே வந்துவிட்டது. ஓடிப்போய் அம்மாளுக்கு எதிரே மணலில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். விரலால் மணலில் இரண்டு கட்டம் போட்டார். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கோடு மட்டும் போடவில்லை.

"அம்மா, என் பேரு தணிகாசலம். எங்கம்மாவுக்கு ரொம்ப நாளாப் பிள்ளை இல்ல. திருத்தணி முருகன்கிட்ட வேண்டிக்கிட்டு என்னைப் பெத்தாங்க. அதனால முருகன் பேரு எனக்கு. முருகன் எனக்கு அப்பன் ஆயிடுவாரா? எங்கப்பன் கர்ணம் அரசப்பன். அந்த மாதிரிதான் இதுவும். இங்க பேருங்கிறது ரத்தத்துல மட்டும் வர்றதில்ல. ஒருத்தர் நம்ம உசிரைக் காப்பாத்திட்டா திருப்பிக் குடுக்க நம்மகிட்ட இன்னா இருக்கு? பொன்னா, பொருளா? பிள்ளைதான் இருக்குது. அதுக்கு அவரு பேரை வெச்சிட்டா, தெனம் பத்துவாட்டி அவரைக் கூப்பிட்ட மாதிரி ஆச்சு. 'மக்ராயா, சாப்பிட வாடா'ன்னு இந்த ஊர்ல தொண்ணூறு வருஷமா ஒரு துரையைச் சாப்பிடக் கூப்பிட்டுக்கினு இருக்காங்கம்மா. அவரு எங்களைக் கூப்பிட்டுக் கஞ்சி ஊத்தினாரில்ல, அதுக்கு."

சாராள் இதையும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார்.

மிஸ் மக்ராய் மணலில் இருந்த இரண்டு கட்டத்தையே பார்த்தார். "உறவே இல்லாத ஒருவருடைய பெயரையா?"

"ஆமாம்மா."

"வேறு தேசம், வேறு நிறமாக இருந்தாலும்?"

"கஞ்சிக்கு ஏதும்மா நிறம்?"

அம்மாள் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு எழுந்து தணிகாசலத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். குப்பம்மாளைக் கட்டிக்கொண்டார். அவள் புடவையெல்லாம் எண்ணெயாக இருந்ததையும் பார்க்கவில்லை.

"அலெக்சாண்டருக்கு இவ்வளவு பெரிய குடும்பம் இருந்தது எங்களுக்குத் தெரியாமல் போயிற்று. நன்றி. என் இரண்டு கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது," என்றார்.

"அந்த இன்னொரு கேள்வி இன்னான்னு நம்ம கேக்கவேயில்லியே," என்று தணிகாசலம் சாராளிடம் முணுமுணுத்தார்.

"விடுங்க. விடை கிடைச்சாச்சுன்னு அவங்களே சொல்லிட்டாங்களே," என்றார் தாசில்தார். அவர் முகத்தில் இரண்டு மாதத்துக்குப் பிறகு ரத்த ஓட்டம் தெரிந்தது. "கலியா, விசாரணை முடிந்ததுன்னு அறிக்கையை எழுது. மனுதாரர் முழுப்பெயர் வேணும், அம்மாவோட பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்து எழுது."

கலியன் பெட்டிமேல் காகிதத்தை விரித்தான். துலுக்காணம் துடுப்பைப் போட்டுவிட்டுக் கர்ணத்தின் பக்கம் நகர்ந்து வந்தார். "இப்பனாச்சும் சொல்லட்டா கர்ணம்? எங்க தாத்தா, தாடி..."

"கெடுத்துடாதய்யா! இப்பதான் எல்லாம் நேராச்சு. ஓரமாப் போ."

கலியன் பாஸ்போர்ட்டை ஒருமுறை பார்த்தான், படகுக்காரரை ஒருமுறை பார்த்தான், பேனாவால் தலையைச் சொறிந்தான்.

"கர்ணம் ஐயா, இதுல கீறதை அப்படியே எழுதிடட்டா? 'மார்கரெட் துலுக்காணம் மக்ராய்'னு போட்டுக்கீது."