ஒரு ரஃப், ஆறு கைப்பிடி

ஆங்கில இலக்கியத்தில் பட்டம் வாங்கியவள் நான். ஒரே ஓர் ஆங்கிலச் சொல் என்னைக் குப்புறத் தள்ளியதை இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன்.

ரஃப் நோட்டு தெரியும். ரஃப்பாகக் கணக்குப் போடத் தெரியும். ரஃப்பான ஆள்கள் எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸிலேயே இரண்டு பேர் உண்டு. (ஒருவர் என் அப்பா.) ஆகவே மாமா கூப்பிட்டபோது நான் கொஞ்சமும் பயப்படவில்லை.

மாமாவுக்கு அம்பத்தூரில் சின்ன லேத் பட்டறை. இரும்புக் கைப்பிடி செய்பவர். மாதிரிக்குச் செய்த ஆறு கைப்பிடிகளைப் பார்க்க ஒரு வெள்ளைக்காரர் வருகிறார். ஆர்டர் கிடைத்தால் பட்டறை பிழைக்கும், இல்லையென்றால் பூட்டுதான். மொழிபெயர்க்க நான்.

அவர் காரிலிருந்து இறங்கியதும் மாமா ஆசையாக ஒரு கைப்பிடியை அவர் கையில் திணித்தார். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். வாய்க்குள்ளேயே மென்று விழுங்கிய அந்தப் பேச்சில் எனக்குப் பிடிபட்டது ஒரே சொல்: 'ரஃப்'.

"சொரசொரப்பா இருக்குதாம் மாமா!"

மாமாவின் முகம் வெளுத்தது. "நீ அவரை ஆபீஸ்ல உட்கார வச்சுப் பேசிட்டு இரு. ரவி, ஆறு பீஸையும் வழவழன்னு தேய்ச்சுடு!"

லேத்தில் நின்ற ரவி அண்ணன் தயங்கினார். "இன்னா அண்ணாத்தே, கை வழுக்கக் கூடாதுன்னுதான வரி போட்டு கீது?"

"அவரே வேணாங்குறாருப்பா!"

ஆபீஸில் காபி கொடுத்து உபசரித்தேன். அவர் கண்ணைக் கசக்கியபடி மறுபடியும் 'ரஃப்' என்றார். நான் ஜன்னல் வழியே கத்தினேன். "இன்னும் போதலையாம் மாமா!" உப்புத்தாள் இன்னும் வேகமாகத் தேய்த்தது.

அரை மணியில் ஆறும் கண்ணாடி போல வந்தன. அவர் ஒன்றை எடுத்தார். அது விரால் மீன் மாதிரி நழுவி அவர் ஷூவின் மேலேயே விழுந்தது. அவர் தான் கொண்டுவந்த கைப்பிடி வரைபடத்தைத் தட்டி, நிறுத்தி நிதானமாகக் கேட்டார்: "இது ரஃப்பாகத்தானே இருக்க வேண்டும்?"

அப்போதுதான் உறைத்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்ன முதல் ரஃப், அவர் வந்த பூந்தமல்லி ரோட்டுக் குழிகள். கண்ணைக் கசக்கிச் சொன்ன இரண்டாவது, ராத்திரி முழுக்கத் தூங்கவிடாத கொசு.

ரவி அண்ணன்மேல் பழியைப் போட்டுவிடலாம். ஆங்கிலம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? ஆனால் எண்ணெய்க் கையோடு அவர் நின்றதைப் பார்த்ததும் மனசு வரவில்லை. தப்பு என்னுடையது என்று முதலில் ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு தமிழில். தமிழில் சொன்னபோது அழுதுவிட்டேன்.

ரவி அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டார். "அழாத பாப்பா. புது ராடு கீதுல்ல? அவரை இங்க வந்து நிக்கச் சொல்லு."

வெள்ளைக்காரர் பக்கத்தில் நின்று பார்க்க, ஒன்றன்பின் ஒன்றாக ஆறு கைப்பிடிகளையும் ரவி அண்ணன் கடைந்து வரி போட்டார். ஒன்றுகூட வரைபடத்திலிருந்து மயிரிழை பிசகவில்லை. வந்தவர் வெறும் மாதிரியை மட்டும் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ, தெரியாது. வேலையைப் பார்த்தவர் அங்கேயே ஆர்டர் கொடுத்தார்.

இப்போது அந்தப் பட்டறையின் வெளிநாட்டுக் கடிதங்கள் எல்லாம் என் பொறுப்பு. சந்தேகம் வந்தால் இரண்டு முறை கேட்கிறேன், வெட்கமே இல்லாமல்.

ஆனாலும் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மாமா என் தோளைத் தட்டி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் அறிமுகம் செய்கிறார்: "எங்க அக்கா பொண்ணு. எங்க ரோட்டுக் குழியைக்கூட உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொன்னவ!"