பின்பக்க மூடியைக் கழற்றுகிறவர்

ஒரு மெஷின் நின்றுபோனால் நாமெல்லாம் அதன் முன்னால் போய் நிற்போம். பின்னால் போய் நிற்கிற ஒருவர் இருக்கிறார், கவனித்திருக்கிறீர்களா? கிரைண்டரோ, லிஃப்டோ, கல்யாண மண்டபத்து ஜெனரேட்டரோ, எதுவானாலும் அதன் முகத்தை அவர் பார்க்க மாட்டார், நேரே முதுகுக்குப் போவார், குனிவார், காற்றுப் போக விட்டிருக்கும் ஓட்டைகள் வழியாக ஒற்றைக் கண்ணால் உள்ளே நோக்குவார், மூடியில் இரண்டு தட்டுத் தட்டி அந்த ஓசையைத் தலை சாய்த்துக் கேட்பார், பிறகு நிமிர்ந்து நம்மை ஒரு பரிதாபப் பார்வை பார்த்துவிட்டுக் கேட்பார்: "ஸ்க்ரூட்ரைவர் இருக்கா?"

இருக்கிறது என்று சொல்லிவிடாதீர்கள்.

இல்லை என்று சொன்னாலும் பயனில்லை. அவர் சட்டைப்பையில் ஒன்று இருக்கும். பேனா வைக்கிற இடத்தில் வைத்திருப்பார். நம்மிடம் கேட்டது ஒரு மரியாதைக்கு.

இவருக்கு ஒரு தத்துவம் உண்டு. "உள்ளுக்குள்ள எல்லாம் ஒண்ணுதான்." வெளியேதான் கம்பெனிக்காரன் விதவிதமாகப் பெட்டி செய்து, வாயில் நுழையாத பேர் ஒட்டி, நம்மை மிரட்டுகிறான், உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு போர்டு, ஒரு ஃபேன், நாலு வயர், அம்புட்டுத்தான். நோய்களும் மூன்றே மூன்றுதான்: லூஸ் கனெக்‌ஷன், தூசி, எர்த் சரியில்லை. மருந்தும் மூன்றுதான்: கழற்றி மாட்டுவது, ரப்பர் போட்டுத் தேய்ப்பது, பேட்டரியை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பது. இவர் இன்ஜினியரா என்று கேட்கிறீர்களா? சே, சே. இன்ஜினியருக்கு இவ்வளவு தைரியம் வருமா? படித்தவனுக்கு எங்கே கை வைக்கக் கூடாது என்று தெரிந்துவிடுகிறது. அந்தத் தடை இவருக்கு இல்லை.

இந்த இனத்தின் சிறந்த மாதிரி வேண்டுமென்றால் கோகுல்நாத்தைப் பாருங்கள். மதுரையில் சுங்குடிச் சேலை மொத்த வியாபாரம். சாயம் ஒட்டுமா, ஓடுமா என்று துணியைத் தொட்டே சொல்லிவிடுகிற மனிதர். அதில் அவரை அடிக்க ஆளில்லை. ஆனால் அந்தத் திறமையைப் பற்றி யாராவது புகழ்ந்தால் கொட்டாவி விடுவார். "அத விடுங்க, ஒங்க கடை பில்லிங் மெஷின் ஏன் இப்படி இழுக்குது? பின்னாடி தெறந்து பாத்தீங்களா?" என்பார். முகம் அப்போதுதான் மலரும்.

அவருடைய தங்கை டாக்டர் இந்துப்ரியா காளவாசலில் ஸ்கேன் சென்டர் வைத்திருக்கிறார். அண்ணனுக்கு அங்கே வரவேற்பு மேஜை வரைக்கும்தான் அனுமதி. ஒரு தடவை அவர் ரிசப்ஷன் ஏ.சி.யைச் சரிசெய்து கொடுத்தார். அன்றிலிருந்து அது வெந்நீர் போடுகிற அடுப்புக்குப் பக்கத்தில் நிற்பது போன்ற ஒரு சுகத்தைத் தந்துகொண்டிருக்கிறது. அதனால் ஸ்கேன் அறைக்குள் அவர் கால் வைப்பதில்லை. கால்தான் வைப்பதில்லை, மனசு எப்போதும் அங்கேதான். அந்த அல்ட்ராசவுண்ட் மெஷின் பளபளவென்று, தள்ளுவண்டி மாதிரி சக்கரம் வைத்து, டாக்டருக்கு முகத்தையும் சுவருக்கு முதுகையும் காட்டி நிற்கும். அந்த முதுகை நினைத்து அவர் பல நாள் பெருமூச்சு விட்டிருக்கிறார்.

ஒரு திங்கட்கிழமை காலையில் சேலைப் பார்சல் ஒன்றைக் கொடுக்க அவர் அங்கே வந்தார். வந்த நேரம், மெஷினுக்கு உடம்பு சரியில்லை.

திரையில் படம் வந்தது. ஆனால் படத்தின் நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு கறுப்புப் பட்டை, யாரோ தார் பூசினது போல. டாக்டர் கம்பெனிக்குப் போன் போட்டார். "சமயநல்லூர் வந்துட்டேன் டாக்டர், வந்துக்கிட்டே இருக்கேன். அதுவரைக்கும் யாரும் தொட்டுராம பாத்துக்கங்க" என்றான் இன்ஜினியர் கார்த்திகேஷ். டாக்டர் மெஷினை அணைத்து, உதவியாளர் சோணையைக் காவலுக்கு நிறுத்திவிட்டு, பழைய ரிப்போர்ட்டுகளை எழுதி முடிக்க மாடிக்குப் போனார்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். ஸ்கேன் சென்டரில் காத்திருப்பது வேறெங்கும் காத்திருப்பதைப் போல அல்ல. அடிவயிறு தெளிவாகத் தெரிய வேண்டுமானால் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும். ஆகவே அங்கே உட்கார்ந்திருக்கும் பாதிப் பேர் ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு, அசையாமல், பேசாமல், மின்விசிறியைப் பார்த்தபடி தவம் இருப்பார்கள். அடக்க முடியாமல் போய்விட்டு வந்தால் மறுபடியும் முதலிலிருந்து குடிக்க வேண்டும். டோக்கனும் கடைசிக்குப் போய்விடும்.

அன்று முதல் டோக்கன் பாண்டிச்செல்வியுடையது. சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்காலில் வேலை. இடுப்பை வெட்டி எடுக்கிற மாதிரி வலி. கல்லாக இருக்கும், ஆபரேஷனா மாத்திரையா என்று ஸ்கேனைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று ஊர் டாக்டர் அனுப்பியிருந்தார். பாண்டிச்செல்வி ஏற்கெனவே காலை மேலும் கீழுமாக மாற்றிப் போட்டு உட்காரும் கட்டத்துக்கு வந்திருந்தாள்.

கோகுல்நாத் ஸ்கேன் அறையின் கதவைத் திறந்தார். "என்ன சோணை, மெஷின் மக்கர் பண்ணுதாமே?"

"இன்ஜினியர் வாராருண்ணே. தொடக் கூடாதுன்னு சொல்லிருக்காக."

"நான் எங்கப்பா தொடப் போறேன்? பாக்கத்தான போறேன். பின்னாடி ஒரு லைட்டப் பிடி."

சோணை பிடித்தான். சோணைக்கும் நீண்ட நாளாக அந்த முதுகின் மேல் ஓர் ஆசை இருந்திருக்கிறது போலும்.

மூடி கழன்று வந்தது. கோகுல்நாத் உள்ளே பார்த்தார். கண் கலங்கிவிட்டது. இத்தனை லட்சம் விலை சொல்கிற மெஷினின் வயிற்றில், தகரக் கூட்டுக்குள், அவருடைய சேலைக் கடைக் கம்ப்யூட்டரில் இருக்கிற அதே மாதிரி மதர்போர்டு! அதே மாதிரி ரேம், அதே மாதிரி ஹார்டு டிஸ்க், அதே மாதிரி தூசி பிடித்த ஃபேன்! வாழ்நாளெல்லாம் சொல்லி வந்தது கண் முன்னால் நிரூபணமாகிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

"பாத்தியா சோணை? உள்ளுக்குள்ள எல்லாம் ஒண்ணுதான்."

"அது என்னண்ணே, பக்கத்துல வரிசையா நிக்கிது?"

அது, மெஷினின் உயிர். உடம்புக்குள் ஒலியை அனுப்பி, திரும்பி வருகிற எதிரொலியைப் பொறுக்கி எடுத்துப் படமாக்குகிற பெரிய பெரிய போர்டுகள். கோகுல்நாத் அவற்றை ஒரு பார்வை பார்த்தார்.

"சவுண்ட் கார்டு. கொஞ்சம் பெருசு."

"அப்ப முன்னாடி இருக்கிற இந்தப் பெரிய பிளக்கு?"

டாக்டர் வயிற்றில் வைத்துத் தேய்க்கிற கருவிக்கு புரோப் என்று பேர். அதன் தலைக்குள் பொடிப் பொடியாகப் பல துண்டுகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மெல்லிய கம்பி. அத்தனை கம்பிகளும் தடித்த ஒயர் ஒன்றுக்குள் கூட்டமாக வந்து, உள்ளங்கை அகல பிளக் ஒன்றில் நூற்றுக்கணக்கான ஊசிகளாக நிற்கும். அதைச் சொருகி ஒரு திருகைத் திருப்பினால்தான் எல்லா ஊசியும் சரியாகப் போய் உட்காரும்.

"அது பிரிண்டர் சொருகுற எடம். அத விடு" என்றார் கோகுல்நாத். "ஒரு ரப்பர் கொண்டா."

வரவேற்பு மேஜையிலிருந்து பென்சில் ரப்பர் வந்தது. ரேமை உருவி அதன் தங்க நிறக் கால்களைத் தேய்க்க ஆரம்பித்தார். துணி வியாபாரி கை. பதமாக, ஒரே சீராகத் தேய்த்தது. கதவிடுக்கில் பாண்டிச்செல்வியின் தலை தெரிந்தது.

"அண்ணே, எம்புட்டு நேரம்ணே ஆகும்?"

"அஞ்சே நிமிஷம்மா."

ரேமை மாட்டினார். இன்னொன்றை உருவினார். தலை மறுபடியும் வந்தது.

"அண்ணே, அஞ்சு நிமிஷம் அப்பவே போயிருச்சுண்ணே."

"முடிஞ்சிருச்சும்மா. கடைசி வேல."

"வெளிய ஒருத்தரு கேன்ல தண்ணி பிடிக்கிறாரு. அந்தச் சத்தத்தையாச்சும் நிப்பாட்டச் சொல்லுங்க. கேக்கக் கேக்க எனக்குக் கலங்குது."

கடைசி வேலை என்றது மதர்போர்டில் இருந்த வட்டமான சின்ன பேட்டரியை. நகத்தால் நெம்பி எடுத்து, கையில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றார்.

"என்னண்ணே பண்றீங்க?" என்று கேட்டான் சோணை.

"இத எடுத்துட்டா மெஷினுக்குப் பழசெல்லாம் மறந்துரும். நோயும் மறந்துரும்."

சோணை புல்லரித்துப் போனான்.

பேட்டரியைத் திரும்ப வைத்து, மெஷினைப் போட்டார். ஃபேன் சுற்றியது. திரை ஒளிர்ந்தது. கோகுல்நாத் கதவை அகலத் திறந்து, தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி இரண்டு கையையும் தூக்கினார். "வாங்க, வாங்க! மெஷின் ரெடி! மொத டோக்கன் வாங்க!"

பாண்டிச்செல்வி வந்தாள், நடக்கவில்லை, வழுக்கிக்கொண்டு வந்தாள். சத்தம் கேட்டு டாக்டரும் மாடியிலிருந்து இறங்கி வந்தார். முதலில் மூடியில்லாத முதுகைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார். நோயாளி கட்டிலில் ஏறிவிட்டதால், திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று, ஆதாரில் இருந்த பிறந்த தேதியைத் தட்டினார். திரையில் வயது விழுந்தது. அதைப் பார்த்த டாக்டர் நோயாளியைப் பார்த்தார்.

"உங்களுக்கு என்ன வயசு?"

"நாப்பத்தஞ்சு, டாக்டரம்மா."

"மெஷின் இருபத்தஞ்சுங்குது."

மெஷின் பழசை மறந்துவிட்டது. கோகுல்நாத் சொன்னபடியே. மறக்கும்போது இன்றைய தேதியையும் சேர்த்து மறந்து, இருபது வருஷம் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. தேதியை மாற்றப் பாஸ்வேர்டு வேண்டும். அது இன்ஜினியரிடம்தான் இருக்கிறது. தேதி தப்பான ரிப்போர்ட்டை யாரும் கையில் வாங்க மாட்டார்கள்.

"எதுக்கும் இன்னொருத்தருக்குப் போட்டுப் பாரு" என்றார் கோகுல்நாத், மனம் தளராமல்.

ஏழு மாதக் கர்ப்பிணி ரூபினாவும் அவளுடைய மாமியார் சாயிரா பானுவும் வாசலில் நின்றார்கள். டாக்டர் ரூபினாவின் கர்ப்பக் கணக்குத் தேதியைப் போட்டார். மெஷின் சிவப்பு எழுத்தில் மறுத்தது. அந்தத் தேதி இன்னும் வரவில்லையாம். கர்ப்பம் தொடங்க இன்னும் இருபது வருஷம் இருக்கிறதாம்.

"யா அல்லா!" என்றார் சாயிரா பானு. "அப்ப ராத்திரியெல்லாம் உள்ளாற இருந்து ஒதைக்கிறது யாரு?"

ரூபினா சிரித்தாள். வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஹால் முழுக்கச் சிரித்தது. அய்யோ, சிரிக்கலாமா? ஒரு லிட்டர் தண்ணீரை அடக்கி வைத்திருப்பவர் எதைச் செய்தாலும் செய்யலாம், சிரிக்கக் கூடாது. "அண்ணே, பாவி அண்ணே!" என்று கத்திக்கொண்டு பாண்டிச்செல்வி கட்டிலிலிருந்து குதித்து ஓடினாள். அவள் பின்னால் ஒருவர், அவர் பின்னால் இன்னொருவர். பாத்ரூம் ஒன்றுதான். அந்த வரிசையை நான் வர்ணிக்கப் போவதில்லை.

டாக்டர் அண்ணனிடம் தங்கள் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் இரண்டே வாக்கியம் பேசினார். அங்கே இருந்தவர்களில் பலருக்கு அந்த மொழி தெரியாது. ஆனாலும் எல்லாருக்கும் புரிந்தது.

தேதி போனது, டோக்கன் வரிசை போனது, எல்லாருடைய தண்ணீரும் போனது. அந்தக் கறுப்புப் பட்டை மட்டும் போகவில்லை.

"மெலிஞ்சிருக்கு" என்றார் கோகுல்நாத் மெல்ல.

கார்த்திகேஷ் வந்து சேர்ந்தான். உள்ளே எட்டிப் பார்த்து, ரப்பர் துகளை விரலில் ஒட்டி எடுத்தான். "யாருங்க மெஷினுக்குப் பொட்டு வச்சது?" சோணை ஸீலிங்கைப் பார்த்தான். பாஸ்வேர்டு போட்டுத் தேதியை இந்தக் காலத்துக்குக் கொண்டுவந்த பிறகு கார்த்திகேஷ் சொன்னான்: "பட்டை எங்க விழுதுன்னு கரெக்டா பாக்கணும். நெறஞ்ச பிளாடர் ஒண்ணு வேணும்."

ஹாலில் நிறைந்த சிறுநீர்ப்பை ஒன்றுகூட இல்லை. எல்லாருடைய கண்ணும் ஓரிடத்தில் போய் நின்றது.

"எனக்கெதுக்கு?" என்றார் கோகுல்நாத். "நான் நல்லாத்தான இருக்கேன்."

பாண்டிச்செல்வி தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகி அவரிடம் நீட்டினாள். "ஒங்களுக்கு ஒண்ணுமில்லண்ணே, மெஷினுக்குத்தான். எனக்கும் மறுபடியும் மொதல்ல இருந்து குடிக்கணும். வாங்க, சேந்து குடிப்போம்."

குடித்தார். இரண்டாவது பாட்டிலைச் சாயிரா பானுவே அன்போடு ஊற்றிக் கொடுத்தார். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்தார்கள். முதலில் காலை மாற்றிப் போட்டது கோகுல்நாத்.

கட்டிலில் படுக்கவைத்து, வயிற்றில் குளிர்ந்த களிம்பைத் தடவி, கார்த்திகேஷ் புரோப்பை வைத்து அழுத்தினான். கோகுல்நாத்தின் உள்பக்கம் திரையில் வந்தது, நடுவில் கறுப்புப் பட்டையோடு. கார்த்திகேஷ் மெஷினின் முன்பக்கம் குனிந்து, அந்தப் பெரிய பிளக்கின் திருகைப் பிடித்து, மீதிப் பாதித் திருப்பினான். டக்.

பட்டை போய்விட்டது.

"காலைல தொடச்சுட்டு மாட்டும்போது முழுசாத் திருகல" என்றான். சோணை மறுபடியும் ஸீலிங்கைப் பார்த்தான்.

கோகுல்நாத் கட்டிலில் துள்ளி எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் அப்படியோர் ஒளி. "அப்ப லூஸ் கனெக்‌ஷன்! நான் சொன்னேன்ல? வாசல்ல நுழையும்போதே நெனச்சேன், லூஸ் கனெக்‌ஷன்னு!"

"படுங்கண்ணே" என்றான் கார்த்திகேஷ். "இன்னும் ரெண்டு புரோப் இருக்கு. அஞ்சே நிமிஷம்."

அந்த ஐந்து நிமிஷம் எவ்வளவு நீளம் என்று ஜன்மத்தில் முதல் முறையாக அவருக்குத் தெரிந்தது. முடிந்ததும் களிம்பைத் துடைக்காமலே ஓடினார். பாண்டிச்செல்வி ஏறிப் படுத்தாள். டாக்டர் நிதானமாகப் பார்த்தார். சின்னக் கல்தான், ஆபரேஷன் தேவைப்படாது.

"நெறைய தண்ணி குடிங்க, தானா வந்துரும்."

"இன்னமுமா?" என்றாள் பாண்டிச்செல்வி.

பாத்ரூம் கதவு நெடுநேரம் திறக்கவில்லை. உள்ளே பீங்கான் மூடியைத் தூக்கிக் கீழே வைக்கிற ஓசை கேட்டது. பிறகு சன்னமாக ஒரு குரல்: "சோணை, இந்த ஃப்ளஷ் டேங்க் சரியா நெறையல. ஸ்க்ரூட்ரைவர அங்கயே வச்சுட்டேன், எடுத்துட்டு வா."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், உங்கள் வயிற்றில் தண்ணீர் இல்லை. ஆனால் போன வாரம் செல்போன் சார்ஜ் ஏறாதபோது அந்த ஓட்டையில் வாயை வைத்து ஊதியது யார்? ரிமோட் வேலை செய்யாதபோது அதன் முதுகில் நாலு போட்டு, உள்ளே பேட்டரியை உருட்டிவிட்டு, "இப்பப் பாரு" என்று வீட்டாரிடம் சொன்னது யார்? சரி, அதெல்லாம் போகட்டும். உங்கள் மேஜை டிராயரில், பழைய சாவிக்கும் ரப்பர் பேண்டுக்கும் நடுவில் ஒரு குட்டி ஸ்க்ரூ கிடக்கிறதே, அது எதிலிருந்து வந்தது?